மீட் லோஃப் செய்ய மாட்டேன் என்று பாடும் ‘அது’ எது?

கேள்வி இதுதான். 1993இல் அமெரிக்க ராக் பாடகர் மீட் லோஃப் பாடிய ‘ஐட் டூ எனிதிங் ஃபார் லவ் (பட் ஐ வோன்ட் டூ தட்)’ பாடலில், காதலுக்காக எதையும் செய்வேன், ஆனால் அதைச் செய்ய மாட்டேன் என்று திரும்பத் திரும்ப வருகிறது. அந்த ‘அது’ எது? கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டார்களா? எதையும் தியாகம் செய்யத் துணிந்தவன் எந்த ஒன்றில் பின்வாங்குகிறான்?

சொல்லாமல் விடவில்லை. பாடலுக்குள்ளேயே ஆறு இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். நான்கு இடங்களில் பாடும் காதலனே சொல்கிறான். இரண்டு இடங்களில் அவன் காதலி சொல்ல, அவன் மறுக்கிறான். அப்படியிருந்தும் உலகமே இதை விடுகதையாக எடுத்துக்கொண்டதற்குச் சரியான காரணங்கள் உண்டு. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பாடலின் தியாகம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது புரியும்.

முதலில் எந்த வடிவத்தைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள். பாடலை எழுதித் தயாரித்தவர் ஜிம் ஸ்டைன்மன். ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ ஆல்பத்தின் இரண்டாம் பாகத்தில் இது வந்தது. ஆல்பத்தில் உள்ள முழு வடிவம் சுமார் 12 நிமிடம். சிங்கிளாக, அதாவது தனிப்பாடலாக வெளியிட்டபோது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சுருக்கினார்கள். காணொலி இரண்டுக்கும் நடுவில், ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும். 12 நிமிடத்தை ஐந்தாக்கினால் சரணங்கள் போகும். சரணம் போனால் அதோடு ஒரு மறுப்பும் போகும். பல்லவி மட்டும் எல்லா வடிவங்களிலும் மிஞ்சும். வானொலியில் கேட்டவர்களுக்குப் பதில் குறைந்துபோய்க் கேள்வி மட்டும் பலமாக ஒலித்ததில் வியப்பில்லை. ஆகவே ஆல்பம் வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதைப் போட்டுவிட்டு ஒரே ஒரு சொல்லுக்குக் காது கொடுங்கள்: ‘பட்’, அதாவது ‘ஆனால்’. ஒவ்வொரு சுற்றும் ஒரே அச்சில் வார்த்தது. காதலுக்காக எதையும் செய்வேன் என்று இரண்டு முறை சொல்வான். ஒவ்வொரு முறையும் ஒரு சத்தியம் கூட வரும். முதல் சுற்றில் நரகத்துக்குள் ஓடிப் போய்த் திரும்புவேன் என்பது ஒன்று, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் என்பது இன்னொன்று. அடுத்து ‘ஆனால்’ என்று தொடங்கும் ஒரு வரி வரும். அதன் பிறகு, எதையும் செய்வேன் என்பதை மூன்று தடவை போல இழுத்துப் பாடி, கடைசியில் இரண்டாவது ‘ஆனால்’: ஆனால் அதைச் செய்ய மாட்டேன்.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. இரண்டு ‘ஆனால்’களும் ஒன்றையே குறிக்கின்றன. முதல் ‘ஆனால்’ விலக்கு என்ன என்று சொல்கிறது. இரண்டாவது அதே விலக்கைச் சுருக்கித் திருப்பிச் சொல்கிறது. நம் காது என்ன செய்கிறதென்றால், முதல் ‘ஆனால்’ வரியை ஏதோ உருக்கமான இடைச்செருகல் என்று கடந்துவிட்டு, இரண்டாவதைப் புது அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. நடுவில் பல்லவி வேறு எழும்பி எழும்பி வந்து, முன்னால் சொன்னதை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. சுட்டுச்சொல்லுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இடையில் இவ்வளவு தூரம் இருந்தால் எந்த மொழியிலும் பிடி நழுவும்.

ஆங்கிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் இடத்தில் ‘ஐல் நெவர்’ என்கிறான், இரண்டாவது இடத்தில் ‘ஐ வோன்ட்’ என்கிறான். சொல் மாறியதால் பொருளும் மாறியது போலத் தோன்றுகிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள். மறக்கவே மாட்டேன், காதலுக்காக எதையும் செய்வேன், ஆனால் அதைச் செய்ய மாட்டேன். இரண்டு இடத்திலும் ‘மாட்டேன்’ என்றே வந்து நிற்கிறது, ‘அது’ எதுவென்று கேட்கவே தோன்றாது. மறப்பது, அவ்வளவுதான்.

இனி அந்த நான்கையும் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது, இந்தக் கணத்தில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை மறக்க மாட்டேன். மூலத்தில் ‘ஃபீல்’ என்ற சொல் இருப்பதால் இதற்கு இரண்டு பொருள் கொள்ளலாம். அவளுடைய மனத்தில் இப்போது உள்ள உணர்வு என்பது ஒன்று. அவளைத் தொடும்போது அவனுக்குத் தெரிகிற ஸ்பரிசம் என்பது இன்னொன்று. மொழிபெயர்க்கிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துதான் ஆகவேண்டும். ஸ்டைன்மன் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறார் என்பது என் கணிப்பு, ஏனென்றால் பாடல் முழுக்க உடலும் சத்தியமும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன.

இரண்டாவது, இன்றிரவு நாம் முழுமையாக இணையாமல் போனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். ‘அது’ இங்கே தன்னை மன்னிப்பது. இந்த வரியைத் தியாகம் என்று பூசி மெழுக வேண்டாம். இது ஆசையின் அவசரம். கேட்பவள்மேல் கொஞ்சம் அழுத்தம் போடுகிற பேச்சும்கூட. பாடல் அதை ஒளிக்காமல் மற்றச் சத்தியங்களுக்கு நடுவே அப்படியே வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவது கொஞ்சம் வழுக்கும். உன்னோடு செய்வதைவிட நன்றாக நான் ஒருபோதும் செய்யப்போவதில்லை என்கிறான். இலக்கணப்படி பார்த்தால் இது சத்தியமே இல்லை, ஊகம். தமிழில் இதை ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியாது. ‘முடியாது’ என்றோ ‘வராது’ என்றோதான் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘வில்’ என்ற ஒரே துணைவினை எதிர்காலத்தையும் மன உறுதியையும் சேர்த்துச் சுமப்பதால், இனி நடக்காது என்பது நடக்கவிட மாட்டேன் என்பதாக நழுவுகிறது. ஆக ‘அது’ என்பது இன்னொருத்தியிடம் இதைவிட மேலானதைத் தேடிப் போவது. நான்கில் இதுதான் தளர்ந்த கண்ணி. ‘அது’ எதுவென்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். அதே வரியின் வாலில் ‘சோ லாங்’ என்று இரண்டு முறை வருவதையும் கவனியுங்கள். ‘வெகு காலம்’ என்றும் பொருள், ‘போய் வருகிறேன்’ என்றும் பொருள். நிலைத்திருப்பேன் என்று சொல்கிற வாயிலேயே பிரிவின் சொல்லும் ஒரு நொடி எட்டிப் பார்க்கிறது.

நான்காவதில் குழப்பம் இல்லை. வாழ்நாளின் ஒவ்வோர் இரவும் உன்னைக் கனவு காண்பதை நிறுத்த மாட்டேன்.

இப்போது இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். செய்வேன் என்று சொல்பவை: நரகம் போய் மீள்வது, கடைசிக் காட்சிவரை கூடவே நிற்பது, சபதம் செய்து முத்திரை குத்துவது. கோள்கள் சுழலும்வரை, விண்மீன்கள் எரியும்வரை என்று அவற்றுக்குக் கெடு வேறு. செய்ய மாட்டேன் என்று சொல்பவை: மறப்பது, வேறொருத்தியிடம் போவது, கனவை நிறுத்துவது. முதல் பட்டியலில் பெரும்பகுதி மனிதனால் ஆகாத காரியம். சொல்வதற்குச் செலவில்லை, யாரும் நரகத்துக்குப் போய் நிரூபித்துக் காட்டச் சொல்லப்போவதில்லை. இரண்டாம் பட்டியல் அப்படியல்ல. மறப்பதும் மனம் மாறுவதும் தினமும் நடப்பவை, எவரும் திட்டமிடாமலே நடப்பவை. பாடலின் எடை இந்த இரண்டாம் பட்டியலில்தான் இருக்கிறது. ‘எதையும் செய்வேன்’ என்பது வாண வேடிக்கை. ‘மாட்டேன்’ என்பதில்தான் அவன் மாட்டிக்கொள்கிறான், ஏனென்றால் அதை நாளைக்குச் சரிபார்க்கலாம்.

நடுவில் ஒரு வரி இதை ஏறக்குறைய ஒப்புக்கொள்கிறது. ஒருவேளை நான் தனிமையில் இருப்பதற்கு மட்டுமே லாயக்கானவனோ என்று கேட்டுவிட்டு, என்னால் காப்பாற்ற முடிந்த வாக்கு ஒன்றே ஒன்றுதான் என்கிறான். அதுவரை அடுக்கிய அத்தனை வாக்குகளுக்கும் பிறகு, ஒன்றே ஒன்று! சத்தமான பாடலில் இந்த வரியை எளிதில் தவறவிடலாம். தவறவிட்டால் அவன் வெறும் வாய்ச்சவடால்காரனாகத் தெரிவான். கேட்டுவிட்டால், தன் சத்தியங்களின் மதிப்பு அவனுக்கே தெரிந்திருக்கிறது என்பது புலப்படும்.

ஆகவே, எல்லாவற்றையும் தியாகம் செய்வேன், ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன் என்று இதைப் படிப்பது தவறான வாசல். அந்த வாசலால் நுழைந்தால் ‘அது’ என்பது அவன் தனக்கென்று ஒளித்துவைத்த ஏதோ ஒன்றாகிவிடும். திருமணம் என்பார்கள், உயிர் என்பார்கள், வாய்விட்டுச் சொல்ல முடியாத படுக்கையறை விஷயம் என்பார்கள், அவளை விட்டுக்கொடுப்பது என்பார்கள். இவை எதற்கும் வரிகளில் ஆதாரம் கிடையாது. அவன் மறுப்பவற்றில் பெரும்பாலானவை காதலுக்கு எதிரானவை. காதலுக்காக எதையும் செய்வேன் என்றவன் காதலைக் கொல்லும் செயலைச் செய்ய மாட்டேன் என்கிறான். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் முரண்பாடே இல்லை.

இனி அவள். ஆல்பம் வடிவத்தில் ஒன்பது நிமிடம் கடந்த பிறகுதான் பெண்குரல் நுழைகிறது. அந்தக் குரல் இங்கிலாந்துப் பாடகி லொரெயின் கிராஸ்பியுடையது. ஆல்பத்தில் ‘மிஸஸ் லவுட்’ என்று குறிப்பிட்டிருப்பார்கள். வழிகாட்டிக் குரலாக, அதாவது ஒரு மாதிரிக்காகப் பதிவு செய்ததையே கடைசியில் வைத்துக்கொண்டார்கள். காணொலியில் தெரிகிற பெண் டேனா பாட்ரிக். அவர் வாயசைப்பு மட்டும் செய்தார்.

அவள் கேள்விகளாக அடுக்குகிறாள். என்னைத் தூக்கி நிறுத்துவாயா, கடவுள் கைவிட்ட இந்த ஊரிலிருந்து கூட்டிப் போவாயா, என் வாழ்க்கைக்கு வண்ணம் பூசுவாயா, கறுப்பு வெள்ளை அலுத்துவிட்டது, மணல் துகள்களைக் கொண்டு மரகத நகரம் கட்டுவாயா. ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் பதில் ஒன்றே: அது என்னால் முடியும். ‘டூ தட்’ என்ற அதே இரண்டு சொற்களை இங்கே ஆமோதிப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ‘அது’ என்பது சற்றுமுன் சொன்னதைச் சுட்டும் என்று பாடலே நமக்குச் சொல்லித்தரும் இடம் இதுதான். அவள் ஒன்று கேட்கிறாள், அவன் ‘அது’ என்கிறான். இங்கே யாருக்கும் குழப்பம் வருவதில்லை, ஏனென்றால் கேள்வியும் பதிலும் ஒட்டியே வருகின்றன.

மரகத நகரத்தில் சற்று நிற்க வேண்டும். அது ஆஸ் மந்திரவாதியின் நகரம். எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய கதையில் அந்த நகரவாசிகள் எல்லாரும் பச்சைக் கண்ணாடி அணிந்திருப்பார்கள். நகரம் அவ்வளவு பச்சையாகத் தெரிவதே அதனால்தான். 1939இல் வந்த திரைப்படத்தில் கதாநாயகியின் சொந்த ஊரான கான்சாஸ் காட்சிகள் நிறமற்றுத் தொடங்கி, ஆஸுக்குள் கால் வைத்ததும் வண்ணமாகும். இந்தப் பெண்ணின் வேண்டுதல்களும் அதே பாதையில் போகின்றன: கைவிடப்பட்ட ஊர், கறுப்பு வெள்ளை, வண்ணம், மரகத நகரம், அதன் பிறகு வீட்டுக்கு எடுத்துப்போக ஏதாவது கொடு என்பது. மாயத்தைக் கேட்கிறவள், அது மாயம் என்று தெரிந்தே கேட்கிறாள்.

அதனால்தான் அடுத்து வருவது இடிபோல விழுகிறது. கேட்பதை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்குகிறாள். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் மறந்துவிடுவாய், இது ஒரு குறுகிய இடைவேளை, நடுக்கோடை இரவின் விளையாட்டு, அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று உனக்கே தோன்றும். ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் கண்ணில் பிழிந்த பூச்சாற்றால் காதல் ஒரே இரவில் ஆள் மாறுமே, அந்த இரவைத்தான் தொட்டுக் காட்டுகிறாள். அவன் பதில்: அதைச் செய்ய மாட்டேன். இரண்டாவது முறை இன்னும் கசப்பு. இந்த வழியெல்லாம் நான் நடந்து பார்த்தவள், எல்லாம் தூசியாகும், நாம் எல்லாரும் விழுவோம் என்கிறாள். கைகோத்துச் சுற்றி வந்து கடைசியில் எல்லாரும் தரையில் விழும் ஆங்கிலக் குழந்தைப் பாட்டின் ஈற்றடியைத் தன் கசப்புக்குள் இழுத்து வைக்கிறாள். இன்றில்லாவிட்டாலும் என்றாவது நீ வேறு பெண்களிடம் போவாய் என்று முடிக்கிறாள். மறுபடியும்: அதைச் செய்ய மாட்டேன்.

‘மறந்துவிடுவாய்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாடலின் முதல் மறுப்பே மறக்க மாட்டேன் என்பதுதான். அவன் முதலில் சொன்ன சத்தியத்தை அவள் கடைசியில் எடுத்து முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். வட்டம் மூடுகிறது. ‘அது’ எதுவென்று இத்தனை நேரம் புரியாதவர்கள்கூட இங்கே தப்ப முடியாது, குற்றச்சாட்டுக்கும் மறுப்புக்கும் நடுவில் ஒரு மூச்சு இடைவெளிதான் இருக்கிறது.

ஒன்றையும் நினைவில் வையுங்கள்: அவன் மறுக்கிறான், ஆனால் அவள் நம்பினாளா என்று பாடல் சொல்லவில்லை. அனுபவம் அவள் பக்கம் இருக்கிறது, சத்தியம் அவன் பக்கம் இருக்கிறது. இதைக் கொண்டாட்டக் காதல்பாட்டு என்று திருமண மேடையில் போடுகிறவர்கள் இந்த இரண்டு சுற்றுகளைக் கேட்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டைன்மனும் மீட் லோஃபும் 1977இல் முதல் ‘பேட் அவுட் ஆஃப் ஹெல்’ ஆல்பத்தில் செய்த ‘பாரடைஸ் பை த டாஷ்போர்ட் லைட்’ பாடலோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அதில் காருக்குள் இருக்கும் பையனை அந்தப் பெண் நிறுத்தி, என்னை என்றென்றும் நேசிப்பாயா, இப்போதே சொல் என்பாள். ஒரு இரவு யோசிக்கிறேன், காலையில் சொல்கிறேன் என்று அவன் நழுவுவான். கடைசியில் ஆசை தாங்காமல், காலம் முடியும்வரை நேசிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு அந்தக் காலம் சீக்கிரம் முடியாதா என்று வேண்டிக்கொண்டு கிடப்பான். 16 ஆண்டுகள் கழித்து வந்த பாடலில் பாத்திரங்கள் தலைகீழ். இவன் கேட்காமலே சத்தியம் செய்கிறான், தயக்கம் அவளிடம் இருக்கிறது. 1977இன் பையனை ஏற்கெனவே சந்தித்துவிட்டு வந்தவள்போல அவள் பேசுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதல் பாடலின் தந்திரம் தெரிந்த காதுக்கு இரண்டாவதில் வரும் ‘இன்றிரவு’ வரி வேறு மாதிரி ஒலிக்கும்.

குழப்பத்தைக் கூட்டிய இன்னொரு காரணம் காணொலி. மைக்கேல் பே இயக்கியது. முழுநீளத் திரைப்படங்களுக்கு அவர் இன்னும் வராத காலம். ‘அழகியும் மிருகமும்’ கதையையும் ‘ஓபராவின் பேய்’ கதையையும் கலந்து, உருச்சிதைந்த முகத்தோடு மாளிகையில் ஒளிந்து வாழும் ஒருவனைப் போலீஸ் துரத்துவதாக எடுத்திருக்கிறார். கண்ணுக்கு நல்ல விருந்து. ஆனால் பார்ப்பவர் மனத்தில் இவனுக்குள் ஏதோ பயங்கர ரகசியம் இருக்கிறது என்ற எண்ணத்தை விதைத்துவிடுகிறது, உடனே ‘அது’ அந்த ரகசியமாகிவிடுகிறது. வரிகளில் மிருகமும் இல்லை, துரத்தலும் இல்லை. பொருள் தேடும்போது காணொலியை மூடிவைத்துவிட்டுக் கேட்பது நல்லது.

மக்களுக்குப் புரியாது என்று பதிவின்போதே ஸ்டைன்மன் எச்சரித்ததாகவும், அதெப்படிப் புரியாமல் போகும் என்று தான் வாதாடியதாகவும் மீட் லோஃப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஸ்டைன்மன் சொன்னதே நடந்தது. 28 நாடுகளில் முதலிடம், பிரிட்டனில் அந்த ஆண்டு அதிகம் விற்ற சிங்கிள், 1994இல் கிராமி விருது என்று பாடல் போன இடமெல்லாம் கேள்வியும் கூடவே போனது. 1998இல் விஎச்1 சேனலின் ‘ஸ்டோரிடெல்லர்ஸ்’ நிகழ்ச்சியில் மீட் லோஃப் கரும்பலகையையும் குச்சியையும் வைத்துக்கொண்டு, வாத்தியார் பாடம் நடத்துவதுபோல, எந்த ‘அது’ எந்த வரியைச் சுட்டுகிறது என்று விளக்கிக் காட்டினார். மேலே தந்திருக்கும் வாசிப்பு அந்த விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. தியாகத்தைப் பற்றியும் அவளுடைய சந்தேகத்தைப் பற்றியும் சொன்னது மட்டும் என்னுடைய கருத்து.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வரிகளை அச்சில் எடுத்துக்கொண்டு, ‘ஆனால்’ என்று தொடங்கும் வரிகளில் ‘ஒருபோதும்’ என்பதற்கான ‘நெவர்’ சொல்லை அடியுங்கள். மிஞ்சும் வினைச்சொல்லை எடுத்து, அடுத்து வரும் ‘தட்’ இருக்கும் இடத்தில் பொருத்துங்கள். மறப்பது, மன்னிப்பது, வேறிடத்தில் மேலாகச் செய்வது, கனவை நிறுத்துவது என்று நான்கும் பொருந்தும். அவளுடைய இரண்டு சுற்றுகளில் ‘நெவர்’ கிடையாது, அடிக்கவும் தேவையில்லை. அவள் சொன்னதை அப்படியே எடுத்துப் பொருத்தினால் போதும். ‘நெவர்’ என்ற சொல் ‘ஆனால்’ இல்லாத வரிகளிலும் வருகிறது, பொய் சொல்ல மாட்டேன் என்ற வரி அதற்கு உதாரணம். அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை ‘செய்வேன்’ பட்டியலைச் சேர்ந்தவை. இந்த ஒரு இடத்தில் தவறினால் எண்ணிக்கை ஏழுக்கும் எட்டுக்கும் ஏறி மறுபடியும் குழப்பம் தொடங்கிவிடும்.